இரண்டு சுழித் தலையணை

எனக்குப் பேரம் பேச வராது. கீரைக்காரம்மா சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, மீதிச் சில்லறையைக்கூட எண்ணாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருகிற ஆள் நான். "உங்களைக் கடைக்கு அனுப்புறதுக்குப் பதிலா பணத்தை ஜன்னல் வழியா வீசிடலாம், செருப்புத் தேய்மானமாவது மிச்சம்" என்பாள் என் மனைவி. சின்ன வயதில் எனக்கும் சேர்த்து அக்காதான் பேரம் பேசுவாள். ஒரு பென்சில் வாங்கப் போனாலும் அவள் முன்னால் நின்று வாதாடுவாள், நான் அவள் பாவாடைக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படிப்பட்டவன் வயிற்றுப்பாட்டுக்கு விலை போடுகிற வேலைக்கு வந்து சேர்ந்ததை என்னவென்று சொல்ல?

மேடம், வாக்குமூலத்தை என் கைப்படவே எழுதித் தரச் சொன்னீர்கள், எழுதுகிறேன். இந்த நாற்காலியின் ஒரு கால் கட்டை. அடியில் காகிதத்தை மடித்து வைத்திருக்கிறீர்கள். இதே மாதிரி நாற்காலி ஆன்லைனில் மாதக் கடைசியில் நன்றாக இறங்கும், அப்போது வாங்குங்கள். என் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் தலையணை என்று வருகிற இடத்தில் எல்லாம் மூன்று சுழி 'ண' போட்டிருக்கிறேன். பட்ட பிறகு வந்த புத்தி, பரவாயில்லை.

மச்சான், அதாவது என் அக்காவின் கணவர், தலையணை செய்து விற்பவர். பின்கட்டில் தையல் இயந்திரங்கள், பஞ்சு மூட்டைகள். அங்கே போய்விட்டு வந்தால் புருவம் வெளுத்துப் பத்து வயது கூடிவிடும். முன்னறையில் இரண்டு மேசை, ஒரு கம்ப்யூட்டர். நான் வேலை பார்த்த கடை மூடப்பட்டு வீட்டில் சும்மா இருந்தபோது, அக்கா கேட்டாள் என்பதற்காக என்னை அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். என் மனைவியின் அறுவைச் சிகிச்சைக்கும் அவர்தான் கொடுத்தார், திருப்பிக் கேட்டதில்லை. அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது என்பதை முதலிலேயே பதிவு செய்துவிடுகிறேன்.

ஆன்லைனில் விலை போடுவதற்கு ஒரு கருவி இருக்கிறது. மச்சான் அதற்குக் கணக்குப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார். அது எதிராளிகளின் கடைகளை ஓயாமல் எட்டிப் பார்க்கும். எவனாவது விலையைக் குறைத்தால், நம் விலையை அவனைவிட ஒரு காசு குறைத்து வைக்கும். ஒரே ஒரு காசுதான். ஆனால் வாங்குகிறவர் கண்ணில் முதலில் படுவது நாமாக இருப்போம். இப்படி இறங்கி இறங்கி நஷ்டத்தில் விழுந்துவிடாமல் இருக்க, ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எல்லை குறித்து வைப்போம். அதற்குக் கீழே கணக்குப்பிள்ளை இறங்க மாட்டான். அதற்குப் பெயர் அடிவிலை.

அவனிடம் இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. ஒருவர் ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப வந்து பார்த்தால், பாவம், அவருக்கு அது அவசியம் என்று கண்டுபிடித்துவிடுவான். உடனே திரை ஓரத்தில் ஒரு மஞ்சள் பொத்தான் எரியும். இவருக்கு மட்டும் இவ்வளவு ஏற்றலாம், கட்டாயம் வாங்குவார் என்று அர்த்தம். மச்சான் என்னை அதைத் தொடவே விட்டதில்லை.

"அது வேணாம் மாப்ள. அவசரத்துல இருக்கிறவன்கிட்ட கூட வாங்கினா அது வியாபாரம் இல்ல, வழிப்பறி."

அதிலும் காற்றுத் தலையணை விஷயத்தில் அவர் ரொம்பக் கண்டிப்பு. படுத்த படுக்கையாக இருப்பவர்களின் முதுகுக்கும் இடுப்புக்கும் கீழே வைப்பது அது, புண் வராமல் காக்கும். அவருடைய அம்மா நீண்ட நாள் படுக்கையில் கிடந்து போனவர். அதனால் அதை மட்டும் அசல் விலைக்கே விற்றார். லாபமே இல்லாத பொருளுக்கு நான் விலை போட்டுக்கொண்டிருந்தேன். உப்பில்லாமல் சமைக்கச் சொன்ன மாதிரி இருக்கும்.

ஒரு நாள் பஞ்சு வியாபாரி வந்திருந்தார். புது ஆள் என்பதால் மச்சான் என்னை அறிமுகப்படுத்தி வைத்தார்.

"இவன் என் மச்சினன். விலை போகாதவன். அதான் விலை போடுற வேலையில வச்சிருக்கேன்."

நல்ல நகைச்சுவை. பஞ்சு வியாபாரி குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கில் ஏறிவிட்டது, நான்தான் அவர் தலையில் தட்டிக் கொடுத்தேன். பின்கட்டில் தையல் இயந்திரங்கள் நின்று, சிரிப்புச் சத்தம் கேட்டது. நானும் சிரித்தேன். இதுதான் காரணம் என்று அக்கா மகள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். இல்லை மேடம். அதை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். அன்று வியாழக்கிழமை. நான் நீலக் கோடு போட்ட சட்டை அணிந்திருந்தேன். முதலில் சிரித்தது காஜா எடுக்கிற அம்மா, கடைசிவரை சிரித்தது உறை தைக்கிற பெண். இப்படிச் சின்ன விஷயங்களை எல்லாம் மனதில் வைத்துக்கொண்டிருக்கிற ஆள் நானில்லை.

உண்மையான காரணம் மச்சானின் தூக்கம்.

அவர் தூங்குவதே இல்லை. சாப்பிடும்போது போன், குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது போன். யார் எவ்வளவு குறைத்தான், நாம் எவ்வளவு இறங்கினோம் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு நாள் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா குழம்புக் கரண்டியோடு நின்று சலித்துக்கொண்டாள்.

"ஊருக்கெல்லாம் தலையணை விக்கிறாரு, இவரு தலை ஒரு தலையணைல படுறதில்ல. இந்தக் கடை ஒண்ணு இல்லாம இருந்தாத்தான்டா இந்த மனுஷன் தூங்குவாரு."

அவள் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். அக்கா சொல்லை நான் தட்டியதில்லை.

அப்போது எனக்கும் ஆன்லைனில் ஒரு சின்னக் கடை இருந்தது. என் மனைவியின் தம்பி பெயரில் திறந்தது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான், என்ன ஏது என்று கேட்கவில்லை. நல்ல பையன், அவனை விட்டுவிடுங்கள். சும்மா பழகிப் பார்க்கத் திறந்த கடை அது. பழகுவதற்கு எனக்குத் தெரிந்த பொருள் தலையணைதான். அதனால் மச்சான் விற்கும் அதே தலையணைகளின் படங்களைப் போட்டு வைத்திருந்தேன். கைவசம் ஒன்றுகூட இல்லை. வந்து சேர ஒரு மாதம் ஆகும் என்று கீழே குறித்திருந்தேன், அதனால் யாரும் வாங்கவில்லை. கணக்குப்பிள்ளையை மட்டும் அங்கேயும் வேலைக்கு வைத்தேன். மச்சான் கடையைவிட ஒரு காசு குறைவு, அடிவிலை கிடையாது.

அக்கா பல நாள் கெஞ்சியதில் மச்சான் மசிந்தார். கல்லூரி விடுதியில் இருந்த மகளையும் அழைத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் இரண்டு நாள் போய்த் தங்கிவிட்டு வருவது என்று முடிவானது. போனை அக்காவிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. காரில் ஏறிய பிறகும் அவருக்கு மனசு கேட்காமல் என்னைக் கூப்பிட்டார். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

"மாப்ள, பஞ்சு விலை ஏறிடுச்சு. அவசரத்துல சொல்ல மறந்துட்டேன். எல்லாத்துக்கும் அடிவிலையைத் தூக்கிடு."

அதற்குள் அக்கா போனைப் பிடுங்கி அணைத்துவிட்டாள்.

தூக்கு என்ற சொல்லைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் மேடம். மூட்டையைத் தூக்கு என்றால் மூட்டை மேலே போகும். மேசைமேல் கிடக்கும் குப்பையைத் தூக்கிடு என்றால் குப்பையே இருக்காது. வேலையிலிருந்து ஆளைத் தூக்கிட்டாங்க என்றால் அவருக்குப் பதவி உயர்வு என்று யாரும் வாழ்த்துச் சொல்வதில்லை. மச்சான் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். பஞ்சு ஏறினால் அடிவிலையை உயர்த்த வேண்டும், இது எங்கள் பின்கட்டில் படுத்திருக்கும் பூனைக்குக்கூடத் தெரியும். ஆனால் தமிழ் இரண்டு அர்த்தம் கொடுத்திருந்தது. எனக்குப் பிடித்ததை நான் எடுத்துக்கொண்டேன். அடிவிலையைத் தூக்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் செய்யவில்லை. பிஸ்கட் சாப்பிட்டேன். இரண்டு கணக்குப்பிள்ளைகளும் எதிரெதிரே நின்று, வாசற்படியில் 'நீங்க முதல்ல போங்க', 'சேச்சே, நீங்க போங்க' என்று மரியாதை பண்ணிக்கொள்கிற இரண்டு சம்பந்திகள் போல, ஒவ்வொரு காசாக இறங்கினார்கள். சாயங்காலத்துக்குள் ஒரு நல்ல பஞ்சுத் தலையணை ஒரு டீயின் விலைக்கு வந்துவிட்டது. அதன் பிறகு டீயைவிட மலிவு.

விஷயம் எப்படித்தான் பரவுமோ தெரியாது. ஆர்டர்கள் கொட்டின. ஒருவர் தன் நாய்க்கு வாங்கினார், நாய்க்குப் பிடித்ததா என்று பிறகு கருத்தும் எழுதினார். என் பங்குக்கு நானும் வாங்கினேன். சித்தப்பா பெயரில், பெரியம்மா பெயரில், ஒன்றுவிட்ட அண்ணன்மார் பெயரில். காலமான தாத்தா பெயரிலும் கொஞ்சம். அவர் உயிரோடு இருந்தபோது கையை மடித்துத் தலைக்கு வைத்துத்தான் படுப்பார்.

அந்த இரண்டு நாளும் மச்சான் குழந்தை மாதிரி தூங்கினாராம். காலைச் சாப்பாட்டுக்கே எழுந்திருக்கவில்லை என்று அக்கா பிறகு சொன்னாள். அதைக் கேட்டபோது எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அவர் வாழ்க்கையில் அப்படிப்பட்ட தூக்கத்தை வேறு யாரும் அவருக்குக் கொடுத்ததில்லை.

திரும்பி வந்து திரையைப் பார்த்தவர் நின்றபடியே நாற்காலியைத் தேடினார்.

"என்னடா மாப்ள பண்ண?"

"நீங்கதானே மச்சான் தூக்கச் சொன்னீங்க. அதான் தூக்கிட்டேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு உள்ளங்கையால் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"என் தப்புடா. உயர்த்துன்னு தெளிவாச் சொல்லியிருக்கணும். நீ என்ன பண்ணுவ?"

கடைசிவரை யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அக்காவிடம்கூட, கருவியில் ஏதோ கோளாறு என்றுதான் சொன்னார். அது என்னை என்னவோ செய்தது. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆர்டர்களை ரத்து செய்துவிடலாம் என்று நானே யோசனை சொன்னேன். கொஞ்சம் அபராதம் கட்ட வேண்டும், கடைக்குக் கெட்ட பெயர் வரும், அவ்வளவுதான். சொல்லும்போதே அவர் கேட்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். கேட்க மாட்டார் என்பதை வைத்துத்தான் நான் எல்லாவற்றையும் யோசித்திருந்தேன்.

"விலை எழுதிப் போட்டாச்சு. வாக்குக் கொடுத்த மாதிரிதான். எல்லாத்தையும் அனுப்பிடலாம்" என்றார்.

அனுப்பினார். பஞ்சுக்கும் துணிக்கும் கூலிக்கும் முதலில் கையிருப்பு போயிற்று, பிறகு தையல் இயந்திரங்கள், பிறகு வீடு. தையல்காரப் பெண்கள் ஒவ்வொருவராக விடைபெற்றுப் போனார்கள். உறை தைக்கிற பெண் என்னிடம் வந்து, "இனி எங்கண்ணே போவோம்?" என்று அழுதாள். அவள் தோளைத் தட்டி, எல்லாம் நல்லதற்குத்தான் என்றேன். இப்போது அவளால் அவ்வளவு நேரம் சிரிக்க முடியாது என்றும் தோன்றியது. சும்மா ஒரு நினைப்பு, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வீட்டைக் காலி செய்கிற அன்று, கட்டிலைப் பிரித்துக்கொண்டிருந்த மச்சான் அப்படியே சரிந்தார். வலப் பக்கம் விழுந்துவிட்டது. இப்போது ஒண்டுக்குடித்தனத்தில், ஜன்னலோரமாக, எப்போதும் படுத்தே இருக்கிறார். போனைத் தொடுவதில்லை. அக்கா கேட்டபடியே கடை இல்லை, கவலை இல்லை, நாள் முழுக்க ஓய்வு. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் மிச்சம். படுத்த இடம் வலிக்கும்போது அதைத்தான் சொல்கிறார்.

"தூக்கு... தூக்கு..."

அக்கா ஓடிவந்து இரண்டு கையையும் அவர் முதுகுக்கு அடியில் கொடுத்துத் தூக்குவாள். அந்த வீட்டில் இப்போது அந்தச் சொல்லுக்கு ஒரு அர்த்தம்தான். நான் பார்க்கப் போன அன்று, நானும் ஒரு பக்கம் பிடித்துக் கொடுத்தேன். அவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நன்றி சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சொல்லுக்கு மூன்றாவதாகவும் ஒரு அர்த்தம் இருப்பதாக உங்கள் வாசல் காவலர் கழுத்தில் கைவைத்துக் காட்டிக் கிண்டலடித்தார். தலையணை விலையைக் குறைத்ததற்கெல்லாம் அது கிடையாது மேடம், சட்டம் படித்த ஒருவரிடம் முன்பே விசாரித்துவிட்டேன். எப்போது விசாரித்தேன் என்பது முக்கியமில்லை.

என் கடை நன்றாகவே நடந்தது. சித்தப்பா, பெரியம்மா, தாத்தா எல்லோருடைய தலையணைகளும் என்னிடம் இருந்தன. மச்சான் கடை மூடியதால் சொல்லிக்கொள்ளும்படி எதிராளி இல்லை. பொருளைக் கைவசம் வைத்துக்கொண்டு, ஒரு மாதம் ஆகும் என்ற வரியை எடுத்துவிட்டு, பழைய விலைக்கும் கொஞ்சம் மேலேயே விற்றேன். மச்சானின் கிட்டங்கியில் கிடந்த காற்றுத் தலையணைகளையும் வேறோர் ஆளை அனுப்பி வந்த விலைக்கு எடுத்துக்கொண்டேன். அவருக்கும் ஓர் உதவி.

மாட்டியது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் முறைப்படி எழுதிவிடுகிறேன். பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்கு ணகர னகரத் தகராறு உண்டு. மச்சான் கடையில் பொருள் விவரம் எழுதும்போதெல்லாம் தலையனை, தலையனை என்று இரண்டு சுழிதான் போடுவேன். அக்கா மகள் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள்.

"மாமா, மூணு சுழி! ஒரு சுழியை எங்க விழுங்கினீங்க?"

அவளே உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்தித் தருவாள். என் கடையில் திருத்தித் தர ஆளில்லை.

போன மாதம் அவள் விடுதியிலிருந்து வந்திருந்தபோது, அப்பாவுக்காக வந்த பார்சலைப் பிரித்தாள். மேலே ஒட்டியிருந்த சீட்டில் 'காற்றுத் தலையனை' என்று இருந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டாளாம். பிறகு என் கடைப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். பஞ்சுத் தலையனை, இலவம்பஞ்சுத் தலையனை, குழந்தைத் தலையனை. கடை யார் பெயரில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க உங்களுக்கு அரை நாள் ஆயிற்று. அவளுக்கு அந்தச் சீட்டு போதுமானதாக இருந்தது. தலையெழுத்து என்பார்களே, என்னுடையது தலையணையில் இருந்திருக்கிறது. அவளைக் குறை சொல்ல மாட்டேன், கெட்டிக்காரப் பெண். மாமா மேல் பாசமில்லை, அவ்வளவுதான்.

கடைசியாக, அந்தப் பார்சலை வாங்கியது யார் என்று எனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டீர்கள். இதற்கு மட்டும் பதில் சொல்லாமல் இரண்டு தடவை தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். இப்போது எழுதிவிடுகிறேன்.

யாரோ ஒருவர் காற்றுத் தலையணையைத் திரும்பத் திரும்ப வந்து பார்த்துக்கொண்டிருந்தார். பார்ப்பார், போவார், திரும்ப வருவார். மஞ்சள் பொத்தான் எரிந்தது. பிறகு கேள்வி கேட்கும் இடத்தில் அவரே எழுதினார்.

"இதை வச்சா முதுகுல புண்ணு ஆறுமா? வீட்டுக்காரர் ரொம்ப வலியில இருக்காரு. விலையைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்க தம்பி."

அக்கா யார் கடைக்குப் போனாலும் கடைக்காரரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். பேரத்தின் முதல் படி அது. பென்சில் வாங்கிய காலத்திலிருந்தே அப்படித்தான். முன்னே அவள் நிற்பாள், பின்னால் நான். இந்தத் தடவை நான் எதிர்ப்பக்கம் நின்றேன், அவளுக்குத் தெரியாது. சத்தியமாக மேடம், எனக்கு அழுகை வந்தது.

மஞ்சள் பொத்தானை அழுத்தினேன். கணக்குப்பிள்ளை ஒரு விலை சொன்னான். மச்சான் விற்ற அசல் விலையைப்போல மூன்று மடங்கு. கட்டாயம் வாங்குவார் என்றும் சொன்னான். அவன் சொன்னால் சரியாக இருக்கும், அன்று மாலையே வாங்கிவிட்டாள்.

ஆனால் அவன் சொன்னதை அப்படியே போட எனக்கு மனம் வரவில்லை என்பதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். வாய் திறந்து தம்பி என்று கேட்டுவிட்டாள். ஒரு காசு குறைத்துத்தான் போட்டேன்.